கலையும் கல்வியும்

தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடத்திற்கு அணித்தே அமைந்தது கழுகுமலை. அங்கே கி.பி. 8-ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் தோன்றிய வெட்டுவான் கோயில் உள்ளது. அது கல்லின்மேல் கல்லை அடுக்கிக் கட்டிய கோயிலன்று. மலைப்பாறை ஒன்றையே மேலிருந்து கீழாகச் செதுக்கி அமைத்த கோயிலாகும். மேலே விமானம் எழிலுற விளங்குகின்றது. அடிப்பகுதியோ முற்றுப்பெறாமல் நிற்கின்றது. தென்முகக் கடவுள் மிருதங்கம் வாசிக்கும் சிற்பம் காண்போர் உள்ளத்தைக் கவர்கின்றது.

இத்தகைய பணியில் உளி ஒருமுறை பிழைத்தால், வெட்டுண்ட கல்லை மீண்டும் ஒட்டவைத்தல் இயலாது. ஆதலின், கண்ணும் கையும் கருத்தும் ஒருங்கே பழகியோரே இதனைச் செய்திருத்தல் கூடும். அப்பழக்கம் ஒருநாளில் வருவதன்று. ஆசிரியரை அடுத்துப் பன்னாள் பயின்று பெறுவதாகும்.

இவ்வுண்மையை அண்மைக் காலத்திலும் இவ்வட்டாரம் கண்டது. கோவில்பட்டியில் வாழ்ந்து 1976-ஆம் ஆண்டில் மறைந்த ஓவியர் கொண்டையராஜு, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். அவர் தீட்டிய தெய்வ உருவங்கள் நாட்காட்டிகளில் அச்சாகி எண்ணற்ற இல்லங்களை அடைந்தன. தாம் கற்ற கலையைத் தம்மோடு முடித்துக்கொள்ளாமல், மாணவர் பலருக்கும் அவர் பயிற்றுவித்தார்.

“ஓவியமும் இசையும் தேர்வுக்கு உதவுமோ? வயிற்றை நிரப்புமோ?” என வினவுவோர் உளர். கலை கற்போர் அனைவரும் கலைஞராதல் வேண்டுவதில்லை. ஓர் இலையை வரைய முற்படும் மாணவன், அதன் நரம்புகளை முதன்முறையாக உற்று நோக்குகின்றான். அந்நோக்கே அறிவியலுக்கும் அடிப்படை. வில்லுப்பாட்டில் பின்பாட்டுப் பாடும் மாணவி, பிறர் குரலுக்குச் செவிசாய்த்துத் தன் முறை வரும்வரை காத்திருக்கக் கற்கின்றாள்; அப்பொறுமையே கூட்டு வாழ்வுக்கு அடிப்படை.

6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் பயிலுமிடத்துக் கலை கற்பிக்கப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டுமென 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகின்றது. எனினும் சட்டம் மட்டும் போதாது. தேர்வு நெருங்குங்கால் ஓவியப் பாடவேளையைப் பிற பாடங்களுக்குக் கொடுத்துவிடும் வழக்கம் ஒழிதல் வேண்டும். மாணவர் தொகை குறைந்த சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஊராரே துணை நிற்றல் வேண்டும். மண் வனையும் குயவரும், வில்லிசைக்கும் புலவரும், கோலமிடும் அன்னையரும் வாரம் ஒருநாள் பள்ளிக்கு வந்தால், அவர்தம் கலையும் வாழும். மாணவர் கல்வியும் வளரும்.

முற்றுப்பெறாத கோயிலும் தன் அழகால் நிலைபெறக்கூடும். ஆனால், இளமையில் பழகாத கண்ணும் கையும் முதுமையில் எளிதிற் பழகுவதில்லை. ஆதலின், கலையை விலக்கி மாணவர் கல்வியை முற்றுப்பெறாமல் நிறுத்துதல் அறிவுடைமை ஆகாது.