பெட்டியடிப் பையனும் சம்பளச்சீட்டும்

‘வேலை பார்க்கச் சிறந்த நிறுவனம்’ என்ற முத்திரையை இப்போது நிறைய விளம்பரங்களில் பார்க்க முடிகிறது. 1984இல் ராபர்ட் லெவரிங், மில்டன் மாஸ்கோவிட்ஸ் உள்ளிட்ட பத்திரிகையாளர்கள் அமெரிக்காவில் அப்படிப்பட்ட நூறு நிறுவனங்களைத் தேடிப் புத்தகம் போட்டார்கள். அதில் தொடங்கிய வழக்கம் சென்னை, கோவை வரை வந்துவிட்டது. கேரம் பலகை, பிறந்தநாள் கேக், வெள்ளிக்கிழமைப் பாட்டுக் கச்சேரி எல்லாம் அந்த முத்திரையோடு சேர்ந்தே வருகின்றன. இவற்றில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் செட்டிநாட்டின் அரியக்குடி, காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்.

அங்கே அந்தக் காலத்தில் செட்டியார் வட்டிக்கடையில் சேர்ந்த பையன் முதலில் உட்கார்ந்த இடம் பெட்டியடி. வரவு செலவு எழுதவும், வட்டி போடவும், வசூலுக்குப் போகவும் அங்கேதான் பழகுவான். தேறினால் அடுத்தாள் ஆவான். இன்னும் தேறினால் மேலாள். அதாவது ரங்கூனிலோ பினாங்கிலோ முதலாளியின் விலாசத்தில் மொத்தக் கடையையும் நடத்துகிற ஆள். முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடல் தாண்டி நடக்கும் கொடுக்கல் வாங்கலை நம்பிக்கையின் பேரில் மேலாளிடம் விட்டுவைப்பார்.

அந்த நம்பிக்கையைக் காகிதத்திலும் எழுதி வைத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கப்பல் ஏறுமுன் சம்பளச்சீட்டு எழுதப்படும். பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுச் செலவு அதில் ஓடும். தவணை முடிந்து கணக்கு ஒப்படைக்கும்போது, லாபம் வந்திருந்தால் மேலாளுக்கு அதில் ஒரு பங்கு. அப்படிச் சேர்த்த பணத்தில் தனிக்கடை போட்டு முதலாளி ஆனவர்கள் உண்டு. பர்மாவில் மட்டும் 1930 வாக்கில் செட்டியார் கடைகள் சுமார் 1,650 என்றும், புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் அந்நாட்டு வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. இத்தனை கடைகளுக்கு ஆள் எங்கிருந்து கிடைத்தார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை பெட்டியடியில் இருக்கிறது.

இதைப் பொற்காலமாக்கவும் கூடாது. வாங்கிய வட்டியின் கடுமை, கடனில் நிலம் இழந்த பர்மிய விவசாயியின் கோபம் ஆகியவை தனிக்கதை. வேலை செய்தவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தாலும் குறைகள் நிறைய. கிட்டங்கி எனும் பொதுக் கடைக்கட்டடத்தில் பல கடைக்காரர்கள் ஒரே கூடத்தில் பெட்டியும் பாயுமாகக் கிடந்தார்கள். மூன்று வருஷம் மனைவி பிள்ளை முகம் பார்க்க முடியாது. பெண்களுக்கு அந்தத் தொழிலில் இடமே இல்லை. பெரிய பொறுப்புகளுக்கு உறவும் சாதியும் பார்த்தார்கள்.

மற்ற சமூகத்துப் பிள்ளைகளும் கடல் தாண்டிப் போனார்கள். சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம் 1938இல் இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர். வட்டிக்கடை உலகத்தை உள்ளிருந்து பார்த்து எழுதியவர் அவர். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் கடைப்பையன் செல்லையா முதலாளி மகளை விரும்புகிறான். அந்தப் பெண் அவனுக்குக் கிடைப்பதில்லை. ஏணி இருந்தது, கடைசிப் படி எல்லோருக்கும் இல்லை.

வட்டிக்கடையில் தொடங்கிய பணம் பிறகு தொழிற்சாலைக்குள் போனது. காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரைச் சேர்ந்த ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900இல் பர்மாவில் தொடங்கிய தொழில்தான் இன்றைய முருகப்பா குழுமம். 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. அதன் சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடம், பாலிடெக்னிக், மருத்துவமனை என்று குழுமத்தின் அறக்கட்டளை ஒவ்வொன்றாகக் கட்டியது. தொழிலாளியின் பிள்ளை படிக்க ஒரு பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருப்பது, ‘சிறந்த நிறுவனம்’ என்று முத்திரை கொடுப்பவர்கள் கேட்க மறக்கிற விஷயம்.

அண்மைக்கால உதாரணங்களும் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. ஸோஹோ நிறுவனம் 2005இல் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, மென்பொருள் கற்றுத் தருகிறது. பெட்டியடியின் பேரப்பிள்ளை என்று தாராளமாகச் சொல்லலாம். 2011இல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டது, ஊரை விட்டுப் போகாமலே பெரிய வேலை பார்க்கலாம் என்று காட்டியது. கோவையில் சரவணகுமார் நடத்தும் கோவை.கோ நிறுவனம் 2022இல் ஒரு வாக்குக் கொடுத்தது: மூன்று ஆண்டு பணி முடித்தால் ஆண்டுச் சம்பளத்தில் பாதி போனஸ். 2025 தொடக்கத்தில் 140 பேருக்கு 14 கோடி ரூபாய்க்கு மேல் என்று செய்தி வந்தபோது நாடே வியந்தது. காரைக்குடிக்காரருக்கு அதில் வியக்க என்ன இருக்கிறது? அதே மூன்று வருஷக் கணக்குதான்.

சரி, இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் என்ன செய்ய? அரியக்குடி விளக்குப் பட்டறையையே பார்ப்போம்.

அரியக்குடியின் பெயரைச் சங்கீதத்தில் ராமானுஜ ஐயங்கார் சுமந்தார். வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கு சுமக்கிறது. விளக்கு ஒரே ஆளின் வேலை அல்ல. ஒருவர் வார்ப்பார், ஒருவர் கடைசல் பிடிப்பார், ஒருவர் மெருகு போடுவார். அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சி என்று தனித்தனியாகச் செய்து பூட்டுவார்கள். பித்தளை உருக 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கலவையிலுள்ள துத்தநாகம் புகையாகக் கிளம்பும். காற்றோட்டம் இல்லாத பட்டறையில் அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும். மறுநாள் சரியாகிவிடும் என்பதால் பலர் அதை நோயாகவே எண்ணுவதில்லை. இப்படிப்பட்ட தொழிலில் நல்ல பட்டறை என்றால் முதலில் உயரமான புகைபோக்கி, எதிரெதிரே ஜன்னல், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. மிச்சமெல்லாம் அப்புறம்.

அடுத்தது காகிதம். ‘நம்ம பையன்தானே, எழுத்து எதற்கு?’ என்பது சிறு முதலாளிகள் வழக்கமாகச் சொல்வது. பாசமாகத்தான் சொல்கிறார்கள், சம்பளம் தாமதமாகும்போதும் அதே பாசத்தைத்தான் காட்டுகிறார்கள். சொந்தக்காரப் பிள்ளைக்கே சீட்டு எழுதிக்கொடுத்த சீமையில் இந்தப் பேச்சு எடுபடாது. மத்திய அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைப்படுத்திய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் பல அம்சங்களைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. ஆனாலும் நியமனக் கடிதம் கட்டாயம் என்ற பகுதியை யாரும் குறை சொல்ல முடியாது.

உட்கார நாற்காலி கொடுப்பதற்குக்கூடச் சட்டம் தேவைப்பட்டது. கேரளத்து ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி அந்த உரிமையை 2018இல் வாங்கினார்கள். தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அதையே கொண்டுவந்தது. கடைத்தெருவில் எத்தனை கடையில் நாற்காலி போட்டிருக்கிறார்கள், போட்ட நாற்காலியில் உட்கார விடுகிறார்களா என்று வாடிக்கையாளரே பார்த்துக்கொள்ளலாம்.

செட்டிநாட்டில் இன்று ஆள் தேவைப்படும் தொழில்கள் பல. ஆத்தங்குடித் தரை ஓடு, கண்டாங்கிச் சேலைத் தறி, பலகாரக்கடை, பழைய வீடுகளை விடுதியாக்கியவர்கள் என்று பட்டியல் நீளும். ‘பிள்ளைகள் வர மாட்டேன் என்கிறார்கள்’ என்று முதலாளிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போகிற பையன் சம்பளத்தை மட்டும் பார்த்துப் போவதில்லை. பத்து வருஷம் கழித்தும் இதே மூலையில் இதே கூலிக்குத்தான் நிற்போமா என்று யோசித்துப் போகிறான்.

எனவே பட்டறைக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற ஆயுதபூஜைக்குப் பொரி, சுண்டலோடு ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டும் கொடுங்கள். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், மூன்று வருஷத்தில் என்ன வேலைக்கு உயரலாம், லாபம் வந்தால் எவ்வளவு பங்கு என்று நான்கு வரி போதும். கீழே முதலாளியின் கையெழுத்து இருக்கட்டும்.