என் கருத்துப்படி...

தமிழ் வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களின் கைவசம் ஒரு சொற்றொடர் எப்போதும் இருக்கும்: ‘என் கருத்துப்படி’. திரையில் ஒரு காணொளி ஓடும், ஆசிரியர் கேள்வி கேட்பார். ‘என் கருத்துப்படி’ என்று தொடங்கியதுமே பாதி மதிப்பெண் கிடைத்துவிட்டது போன்ற ஒரு நிம்மதி. அதன் பிறகு வருவது பெரும்பாலும் துணைப்பாட வகுப்பில் மனப்பாடம் செய்த நான்கு வரி. கருத்து இருக்கும். அதில் ‘என்’ இருக்காது.

தேர்வறையில் நேரம் குறைவு, படபடப்பு அதிகம். அங்கே இப்படி நடப்பதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் தேர்வறைக்கு வெளியிலும் இதே பழக்கம் தொடர்கிறது. நாம் பார்க்கும் செய்தியைப் பற்றியும் திரைப்படத்தைப் பற்றியும் போய்வந்த கச்சேரியைப் பற்றியும் நாம் சொல்வதில் எவ்வளவு நம்முடையது?

முதலில் செய்தி. வசந்தம் தனி ஒளிவழியாக 2008ல் தொடங்கியது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட இந்நாட்டில் அன்றாடம் தமிழில் தொலைக்காட்சிச் செய்தி வருகிறது. வீட்டுக் கூடத்தில் தாத்தா பாட்டி அதைப் பார்க்கிறார்கள். பேரப்பிள்ளை அறைக்குள் கைப்பேசியில் அதே செய்தியின் இருபது விநாடித் துண்டைப் பார்க்கிறார். துண்டில் தலைப்பு மட்டும்தான் இருக்கும். பொருள், சேவை வரியை எடுத்துக்கொள்வோம். அது 2023ல் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது, 2024ல் 9 ஆனது. ஏன் இரண்டு கட்டமாக உயர்த்தினார்கள், அந்தப் பணம் எதற்கு, யாருக்குப் பற்றுச்சீட்டு கிடைக்கும் என்பதெல்லாம் முழுச் செய்தியில் வந்தன. அவற்றைக் கேட்ட பிறகும் வரி உயர்வு தவறு என்று ஒருவர் நினைக்கலாம். அது கருத்து. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் ஏறிப்போச்சு’ என்பது எரிச்சல்தான்.

நம் தொலைக்காட்சிச் செய்தியிலும் குறை இல்லாமல் இல்லை. நாடா வெட்டும் நிகழ்ச்சிக்கும் பெரிய கொள்கை மாற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் கொடுப்பது எனக்கு உவப்பாக இல்லை. இளையர்களைப் பேட்டி கண்டால் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்ற ஒரே வரிதான் மீண்டும் மீண்டும் வருகிறது. பேட்டி எடுத்தவர் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கலாம். இருந்தாலும், எட்டுப் பேரை எட்டுப் பெட்டிகளில் அடைத்து ஒரே நேரத்தில் கத்தவிடும் தமிழகச் செய்தி அலைவரிசைகளின் விவாதங்களைவிட நம் செய்தியின் நிதானம் எனக்குப் பிடிக்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு படத்தைப் பற்றித் தமிழில் பத்து நிமிடம் பேசக்கூடிய மாணவர், வட்டி விகிதத்தைப் பற்றியோ மத்திய சேம நிதியைப் பற்றியோ பேசத் தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார். அந்தச் சொற்களைத் தமிழில் உச்சரித்துக் காட்டுபவர் செய்தி வாசிப்பாளர்தான். வீட்டில் வேறு யாரும் அப்படிப் பேசுவதில்லை.

திரைப்படத்தில் கதை வேறு. பார்ப்பதற்கு முன்பே கருத்து தயாராகிவிடுகிறது. முதல் காட்சி முடிவதற்குள் விமர்சனக் காணொளி வந்துவிடும். ‘முதல் பாதி ஓகே, இரண்டாம் பாதி லேக்’ என்ற வாக்கியம் எத்தனை படங்களுக்கு ஒட்டப்பட்டிருக்கும்!

2024 செப்டம்பரில் வெளியான ‘மெய்யழகன்’ படத்துக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிரேம்குமார் இயக்கிய படம். பல ஆண்டுகளுக்கு முன் ஊரைவிட்டுப் போன ஒருவர் உறவினர் திருமணத்துக்காகத் திரும்பி வருகிறார். தன்மேல் அளவற்ற அன்பு காட்டும் ஓர் உறவுக்காரரின் பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. ஓர் இரவு முழுக்கப் பேச்சு. அவ்வளவுதான் கதை. அரவிந்த் சாமியும் கார்த்தியும் நடித்த அந்தப் படம் நீளம் என்று குரல்கள் எழுந்தன. வெளியான சில நாள்களிலேயே 18 நிமிடத்துக்கும் மேல் வெட்டப்பட்டது. அதாவது, முதல் சில நாள்களில் பார்த்தவர்கள் ஒரு படம் பார்த்தார்கள், அடுத்து வந்தவர்கள் வேறு படம் பார்த்தார்கள்.

அந்த வெட்டு சரியா தவறா என்று இரண்டு பக்கமும் பேச இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், இரவெல்லாம் கண்விழித்துப் பேசும் இருவரைப் பற்றிய படம் சற்று நீளமாகத்தான் இருக்கும். பெயர் நினைவுக்கு வராத அந்தச் சங்கடம் நமக்கும் உறைக்க வேண்டுமென்றால், அவரோடு சேர்ந்து நாமும் அந்த இரவைக் கழிக்க வேண்டும். ஆனால் என் கருத்து முக்கியமில்லை. எந்த இடத்தில் உங்களுக்குச் சலித்தது? எந்தக் காட்சியை எடுத்துவிட்டால் பிந்திய காட்சி புரியாமல் போகும்? இதற்குப் பதில் சொல்ல முடிந்தவர்தான் படத்தை வெட்டச் சொல்லும் உரிமை உள்ளவர். ‘லேக்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு 18 நிமிடம் மிகப் பெரிய விலை.

கர்நாடக இசைக் கச்சேரிக்கு வரும்போது எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. படத்தைப் பார்க்காமலே தீர்ப்பு சொல்லும் நாம், இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து கேட்ட பிறகும் வாய் திறப்பதில்லை. ‘நல்லா இருந்தது, ஆனா எனக்கு ஒன்னும் தெரியாது’ என்று நழுவிவிடுகிறோம். ராகத்தின் பெயர் தெரியாதவருக்குக் கருத்து சொல்ல உரிமை இல்லை என்று யாரோ நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் இந்த ஊரில் வாய்ப்புக்குப் பஞ்சம் இல்லை. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949 முதல் இயங்கிவருகிறது. எஸ்பிளனேட் 2002ல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டிலிருந்தே அங்கு கலா உத்சவமும் நடந்துவருகிறது. சிறுவயதில் வாய்ப்பாட்டோ வயலினோ மிருதங்கமோ கற்று, தொடக்கநிலை இறுதித் தேர்வு வந்ததும் நிறுத்தியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள். ஆடுவதையும் பாடுவதையும் நிறுத்தியதோடு கேட்பதையும் நிறுத்திவிட்டதுதான் வருத்தம்.

ராஜீவ் மேனன் 2019ல் வெளியிட்ட ‘சர்வம் தாளமயம்’ இந்தத் தயக்கத்தைத் தொட்ட படம். மிருதங்கம் செய்யும் குடும்பத்துப் பையன் பீட்டர், விஜய் ரசிகன். வாத்தியத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சென்ற இடத்தில் ஒரு வித்துவான் வாசிப்பதைக் கேட்டுச் சொக்கிப்போகிறான். தோலைப் பதப்படுத்தி வாத்தியம் செய்தவர்களுக்கு மேடையில் இடம் கிடைக்காத கதை அது. பீட்டருக்கு அந்த முதல் நாளில் எந்த இலக்கணமும் தெரியாது. காது மட்டும் திறந்திருந்தது. வித்துவான்களுக்கு முன்னால் அவனுக்கு இருந்த தகுதி அதுதான், நமக்கும் அது இருக்கிறது.

அடுத்த கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தைக் கவனியுங்கள். பாடுபவர் நிறுத்திவிட்டுக் கையால் தாளம் மட்டும் போடுவார். மிருதங்கமும், கடம் அல்லது கஞ்சிராவும் மாறிமாறி வாசிக்கத் தொடங்கும். சரியாக அந்த நேரத்தில்தான் பலர் எழுந்து கழிவறைக்கோ காப்பிக்கோ போவார்கள். இது மேடையில் இருப்பவரின் முகத்துக்கு நேரே நடக்கும் அவமரியாதை என்பது ஒருபுறம். போகிறவருக்கு எவ்வளவு இழப்பு என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு, திருப்பு, மறுபடியும் தட்டு, திருப்பு. இதை மட்டும் மடியில் போட்டுக்கொண்டே இருங்கள். முதலில் இருவரும் விரிவாக வாசிப்பார்கள். பிறகு ஒருவருக்கொருவர் விடும் இடைவெளி பாதியாகும், அதிலும் பாதியாகும். உரையாடல் சண்டை மாதிரி ஆகும். உங்கள் கை தாளத்தைத் தவறவிடும். தவறட்டும், மேடையில் பாடகர் போடும் தாளத்தைப் பார்த்து மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு கோர்வையை மூன்று முறை வாசித்து முடிக்கும் அதே கணத்தில், நிறுத்திய பாட்டை விட்ட இடத்திலிருந்து பாடகர் எடுப்பார். பாட்டு எட்டின் முதல் எண்ணிக்கையில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை, அரை எண்ணிக்கை தள்ளியும் தொடங்கலாம். அந்த அரை எண்ணிக்கையில் மூவரும் வந்து நிற்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு இணையான சுவாரசியம் எந்தச் சண்டைக் காட்சியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. யூடியூப்பில் இதை விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். அரங்கத்தில் தள்ள முடியாது.

குறை சொல்லவும் நிறைய இருக்கிறது, சொல்லுங்கள். பல கச்சேரிகளில் ஒலிபெருக்கி தேவைக்கு மேல் இரைகிறது என்பது என் கருத்து. மிருதங்கத்தின் இடப்பக்க நாதம் நெஞ்சில் இடிக்கும் அளவுக்குக் கூட்டிவைத்தால் வலப்பக்கத்து நுணுக்கம் காணாமல் போகிறது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ஒரு காலகட்டத்தில் ஒலிபெருக்கி இல்லாமல்தான் வாசிப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார். எஸ்பிளனேடின் ரெசைட்டல் ஸ்டூடியோவில் 245 இருக்கைகள்தான். அந்த அளவு இடத்தில் ஒலியை இவ்வளவு கூட்ட வேண்டுமா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்கலாம். கேட்பதற்கு இசையில் பட்டம் தேவையில்லை, காது போதும். இளையர் ஒருவர் கேட்டால் அவர்கள் மகிழ்ந்துபோகவும் கூடும், ஏனென்றால் அரங்கத்தில் நரைத்த தலைகளை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.

இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். நேற்று முழுதாகப் பார்த்த செய்தி, கடைசிக் காட்சிவரை உட்கார்ந்து பார்த்த படம், எழுந்து போகாமல் கேட்ட தனி ஆவர்த்தனம், எதுவாகவும் இருக்கலாம். 150 சொற்கள் போதும். நட்சத்திர மதிப்பெண் வேண்டாம். எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ராகத்தின் பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதி அனுப்பலாம், விசாரித்துப் போட்டுக்கொள்கிறோம்.