கூஸ் வாத்து ‘ஜோடி’ வாங்கப் போறீங்களா? காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் கேட்ட கேள்வி: “வீட்ல கூஸ் வாத்து வளர்த்தா லாபம் வருமா?”

என் அனுபவத்தையே சொல்றேன். சிட்லபாக்கத்துல எங்க வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் காலி இடம். 4,000 ரூபாய் கொடுத்து ஒரு ‘ஜோடி’ வாங்கினேன். ரெண்டாவது வருஷம் முட்டை வந்தது. அடை வைச்சு பத்து நாள் கழிச்சு ராத்திரியில டார்ச் அடிச்சுப் பார்த்தா, ஒரு முட்டையிலயும் கரு இல்லை. காரணம், ரெண்டுமே பெண்!

இதுல கத்துக்கிட்டது: நாம காசு கொடுக்கறது பறவைக்கு மட்டும் இல்ல, ‘ஜோடி’ங்கற வார்த்தைக்கும்தான். அதைச் சரிபார்க்காம பணத்தைக் கொடுக்கக் கூடாது.

பொதுவா ஆண் கொஞ்சம் பெருசு, கழுத்து நீளம், குரல் கீச்சுனு இருக்கும். பெண் குரல் தடிமன். சீன வகையில மூக்குக்கு மேல இருக்கற புடைப்பு ஆணுக்குப் பெருசு. ஆனா இதெல்லாம் அனுமானம்தான். வாலுக்கு அடியில இருக்கற துவாரத்தை விரிச்சுப் பார்த்தாதான் உறுதி. அதைப் பழகினவங்க மட்டும் செய்யணும், இல்லைன்னா பறவைக்கு அடிபடும். விற்கறவரையே உங்க கண் முன்னாடி காட்டச் சொல்லுங்க. தயங்கினா, வேற இடம் பாருங்க.

அடுத்த கணக்கு. ஒரு ஆணுக்கு மூணு, நாலு பெண் போதும். நாலு ஜோடி வாங்கினா, மூணு ஆணுக்கு வருஷம் முழுக்கச் சும்மா தீனி போடறீங்க! அடைகாக்க ஏறக்குறைய 30 நாள். முதல் வருஷ முட்டையில குஞ்சு குறைவாதான் பொரியும். அதனால ரெண்டு வருஷத் தீனிச் செலவையும் முதலீட்டுலயே சேர்த்துக்குங்க.

“குஞ்சுகளை நாங்களே திரும்ப வாங்கிக்கறோம்”னு யாராவது சொன்னா, 2012-ல பெருந்துறை சுசி ஈமு பண்ணை விழுந்ததை நினைச்சுப் பாருங்க. பறவை மேல தப்பு இல்ல. பறவையைப் பத்தித் தெரியாமலே வாக்குறுதியை நம்பிப் பணம் போட்டோம்.

நம்ம பக்கத்துலயே காட்டுப்பாக்கத்துல கால்நடைப் பல்கலைக்கழகத்தோட வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. முதல்ல அங்க போய்க் கேளுங்க.

ஆசைக்கு வளர்க்கறீங்களா? தாராளமா வளருங்க. பக்கத்து வீட்டுக்காரங்க சத்தத்தைத் தாங்குவாங்களான்னு மட்டும் கேட்டுக்குங்க. லாபத்துக்குன்னா, நோட்டுல கணக்குப் போட்டுட்டு அப்புறமா இறங்குங்க.