பாஸ்தாவுக்குப் பெயர் உண்டு, பணியாரத்துக்கு இல்லையா?

அம்மா அடுப்படியில், அப்பா கல்லாவில், விடுமுறைக்கு வந்த மகள் பரிமாற, ஏழெட்டு மேசைகளோடு நடக்கும் சிறு உணவகங்கள் எனக்குப் பிடித்தமானவை. தமிழ்க் குடும்பமொன்று இத்தாலியப் பாஸ்தாவையும் கொரியக் கிம்சியையும் சப்பானிய ராமெனையும் தன் கைப்பக்குவத்தில் சமைத்துத் தருகிறது என்றால் அதில் எனக்கு எள்ளளவும் மனத்தாங்கல் இல்லை. என் வழக்கெல்லாம் மேசைமேல் வைக்கப்படும் அந்த உணவுப் பட்டியலோடுதான்.

அண்மையில் குடும்பத்தோடு உண்ணச் சென்ற அத்தகைய கடையொன்றில் (பெயர் வேண்டாம், சமையல் அருமை) பாஸ்தா பாஸ்தாவாகவே இருந்தது. ராமெனும் கிம்சியும் அவ்வாறே. நம் பணியாரம் மட்டும் ‘ரைஸ் பால்ஸ்’ ஆகியிருந்தது. உளுந்து வடை ‘லென்டில் டோனட்’. இரசமோ ‘பெப்பர் பிராத்’ என்னும் புனைபெயரில் ஒளிந்திருந்தது. அது என்னவென்று என் மகன் தமிழில் வினவ, பரிமாற வந்த பெண் ஆங்கிலத்தில் விளக்கினாள். அதே வேளையில் உள்ளிருந்து ஒரு பாட்டியம்மாவின் குரல்: “கறிவேப்பிலை தீந்துபோச்சு, ரெண்டு கொத்து கிள்ளிட்டு வா!” அடுக்களையில் தமிழ் மணக்கிறது, மேசைக்கு வருவதற்குள் அதை யாரோ வடிகட்டிவிடுகிறார்கள்.

‘வேற்று இனத்தவருக்குப் புரிய வேண்டுமே’ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். இம்மண்ணில் தோசையை யாருக்கு விளக்க வேண்டும், ஐயா? மலாய்க்காரரும் சீனரும் தலைமுறை தலைமுறையாக ‘தோசாய்’ என்றே கேட்டு உண்கின்றனர். இடியாப்பம் ‘புத்து மாயம்’ ஆகி இரவுச் சந்தைகளில் விற்கிறது. மலாய் மொழியின் ‘கெடாய்’ நம் கடையிலிருந்தும் ‘காரி’ நம் கறியிலிருந்தும் சென்ற சொற்களே. அயலார் ஏற்றுக்கொண்ட சொல்லுக்கு நாம் முகமூடி மாட்டுகிறோம். 2024இல் மலேசியர்களின் காலையுணவுப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியபோது நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் தத்தம் பெயரோடுதான் உலகறியச் சென்றன.

பிறநாட்டு உணவைத் தன்வயமாக்கும் கலையைக் கற்க ஹைனான் சீனரைப் பாருங்கள். ஆங்கிலேயரின் வீடுகளிலும் மன்றங்களிலும் சமையற்காரர்களாக இருந்த அவர்கள், அங்குக் கற்ற ‘சாப்’பைத் தம் கோப்பிக் கடைகளுக்குக் கொண்டுவந்து தம் பாணியில் மாற்றினர். கோலாலம்பூரில் 1928இல் தொடங்கிய ‘யுட் கீ’ இன்றும் குடும்பக் கடையாகவே நடக்கிறது. அத்தகைய கடைகளில் சிக்கன் சாப்புக்குப் பக்கத்தில் ‘காயா’ காயாவாகவும் ‘கோப்பி ஓ’ கோப்பி ஓவாகவும் இருக்கின்றன. வாடிக்கையாளர்தாம் அச்சொற்களைக் கற்றுக்கொண்டனர். வணிகம் ஒன்றும் நொடித்துப்போய்விடவில்லை.

இதில் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வகுப்பறைக்கு வந்து பாருங்கள். வதக்குவது, வறுப்பது, பொரிப்பது மூன்றும் என் மாணவர்களுக்கு ‘ஃபிரை’ என்ற ஒன்றாகிவிட்டன. குழம்பும் துவையலும் பச்சடியும் ‘சாஸ்’ என்னும் ஒரே கிண்ணத்துள் அடங்கிவிட்டன. தாளித்தல் என்றால் என்ன என்பதை எண்ணெயும் கடுகும் இல்லாமல் கரும்பலகையில் எப்படி விளக்குவேன்? அச்சொல் வாழ வேண்டிய இடம் பாடநூலன்று, உண்ணும் இடம். அங்கே அதற்கு நாற்காலி மறுக்கப்படுவதைக் காணும் பிள்ளை, எந்த மொழி விருந்தினருக்கு, எந்த மொழி பின்கட்டுக்கு என்று தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. நாம் ஆறாண்டுகள் முயன்றும் அந்தக் கணக்கை அழிக்க முடிவதில்லை.

நம் பக்கத்தாருக்கும் ஒரு சொல். பீட்சாவை ‘வேகப்பம்’ ஆக்கியே தீருவேன் என்று கட்டுரையில் சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரிய நண்பர்களே, சற்றுப் பொறுங்கள். இத்தாலியன் வைத்த பெயர் இத்தாலியனோடு இருக்கட்டும். பிறர் பெயரை மாற்றுவதில் காட்டும் வேகத்தை நம் பெயரைக் காப்பதில் காட்டலாமே.

பெற்றோர்களே, அடுத்த முறை அத்தகைய கடைக்குச் செல்லும்போது ‘ரைஸ் பால்ஸ்’ என்று கேளாதீர்கள். “தங்கச்சி, ஒரு தட்டுப் பணியாரம் கொண்டு வாம்மா” என்று பிள்ளைகள் காதில் விழும்படி கேளுங்கள். கடைக்காரர்களே, விளம்பரப் பலகைகளில் தேசிய மொழி முதன்மை பெற வேண்டும் என்பது ஊராட்சி மன்றங்களின் விதி, அதைப் போற்றுவோம். ஆனால், உங்கள் மேசைமேல் இருக்கும் அட்டையில் தமிழ் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த முறை அச்சிடும்போது சொல்லியனுப்புங்கள். என் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் அழகாக எழுதித் தருவார்கள். சந்திப்பிழை இருந்தால் நான் திருத்தித் தருகிறேன். கூலியாக ஆளுக்கு இரண்டு பணியாரம் போதும்.