யாழுக்குக் கண்ணீர், பறைக்கு இழிவா?

பழந்தமிழர் இசையின் பெருமையைப் பேசாத மேடை உண்டா? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்கும் தமிழிலேயே பெயர் கண்டவர் நம் முன்னோர் என்கிறோம், கைதட்டுகிறார்கள். யாழ் மறைந்ததே என்று ஏங்குகிறோம், கண்கலங்குகிறார்கள். விபுலானந்தர் பல்லாண்டு உழைத்து 1947ஆம் ஆண்டில் ‘யாழ் நூல்’ தந்தாரே என்று பாராட்டுகிறோம். பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி! மாண்ட யாழுக்கு மாலை சூட்டும் இந்த நாடு, மாளாதிருக்கும் பறைக்குச் சூட்டியிருப்பது என்ன? இழிவு! சாவீட்டு வாசல்! ஊருக்கு வெளியே ஓர் ஒதுக்கிடம்!

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணியபோது, யாழை வைத்த வரிசையிலேயே பறையையும் வைத்தது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி என்று பின்வந்த இலக்கணத்தார் வகை கூறினர். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் சிறந்த குடிகளாக நான்கைச் சொன்னார். பாணனோடு துடியனும் பறையனும் அந்நான்கனுள் அடங்குவர். முரசு கட்டிலில் அறியாது படுத்துறங்கிய மோசிகீரனாரை வாளுக்கு இரையாக்காமல், விசிறி கொண்டு வீசினான் பெருஞ்சேரல் இரும்பொறை. அந்தக் கட்டிலில் படுத்தாலே தலை போகும் என்னும் அளவுக்குத் தோற்கருவி மதிப்புற்றிருந்த நாடு இது!

அப்படியிருக்க, பறை செய்த குற்றந்தான் என்ன? தோலால் ஆனது என்பதா? மிருதங்கத்தின் முகத்தில் இருப்பது பட்டா, பொன் தகடா? அதுவும் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலுந்தானே! அத்தோலைப் பதப்படுத்தி இறுக்கிக் கொடுப்போர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களே. ஒரு தோல் சபைக்குள் செல்கிறது. மற்றொரு தோல் சுடுகாட்டுக்குச் செல்கிறது. தோலில் வேற்றுமை இல்லை. தொடும் கைக்குச் சாதி கற்பித்தவனின் மூளையில் இருக்கிறது வேற்றுமை!

அமங்கல ஓசையாம்! ஓசைக்கு மங்கலம் ஏது, அமங்கலம் ஏது? தீயில் காய்ச்சி, இரு குச்சிகளால் அடித்தால் அதிர்வது தோல், அதிர்வது காற்று. இதில் தீட்டு எங்கே ஒட்டிக்கொண்டது? பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அதுவே வழக்கு. வாய் சொல்வதற்கும் தோல் சொல்வதற்கும் ஒரே சொல்லை வைத்த மொழி நம்முடையது. அச்சொல்லையே வசைச் சொல்லாக்கியது சாதி.

“சாவுக்கு அடிக்கமாட்டோம்” என்று பறையைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. அவர்களை நாம் குறை கூறோம். அவர்கள் எறிந்தது கலையை அன்று. கழுத்தில் மாட்டிய அடிமைத்தனத்தை! 2025ஆம் ஆண்டில் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது, மகிழ்கிறோம். எனினும், ஒருவர் மார்பில் ஏறிய பதக்கம் ஊரார் உள்ளத்து அழுக்கைக் கழுவிவிடாது.

ஆகவே இளைஞர்களே, இரண்டு வேலைகள் நம்முன் உள்ளன. பிறப்பைக் காட்டிப் பறையடிக்கப் பணிக்கும் வழக்கம் எந்த ஊரில் இருந்தாலும் அதை ஒழிப்பது ஒன்று. பறையை எல்லாச் சாதியாரும் தோளில் மாட்டிப் பயில்வது மற்றொன்று. கட்டாயம் சாகட்டும், கலை வாழட்டும்! பறையைத் தொடக் கூசும் கைக்கு யாழைப் பற்றிப் பேச உரிமை இல்லை!