சுருக்க வேண்டியது நாவலை அன்று

நீண்ட நாவல்கள் இல்லறத்தாருக்கு உரியவை அல்ல என்றொரு கருத்து நம் வாசகர் வட்டங்களில் ஓங்கி ஒலிக்கிறது. டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' போன்ற பெருநூலைத் துறவியர் படிக்கலாம், ஓய்வூதியம் பெறுவோர் படிக்கலாம், விடுமுறையில் இருக்கும் கல்லூரி மாணவர் படிக்கலாம். அடுப்பில் உலையும் இடுப்பில் பிள்ளையுமாக நாளைக் கழிப்போருக்கு அதன் கதைச் சுருக்கம் போதும் என்கின்றனர். அக்கறையின் குரலில் பேசப்படும் இக்கூற்றில் இரண்டு அவமதிப்புகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று அந்நூலுக்கு, மற்றொன்று நம் வீட்டுத் தாய்மாருக்கு. இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

அந்நூல் எங்கே பிறந்தது என்பதை முதலில் நோக்குவோம். டால்ஸ்டாய் 1862இல் சோபியாவை மணந்தார். அவருக்கு அப்போது வயது 34, மணமகளுக்கு 18. மறு ஆண்டே முதல் மகன் பிறந்தான். அவ்வாண்டிலேயே நூலின் வேலையும் தொடங்கிற்று. 1864இல் ஒரு மகள், 1866இல் மற்றொரு மகன், 1869இல் இன்னுமொரு மகன். நூல் நிறைவுற்றதும் அந்த 1869இல்தான். ஆக, நான்கு மழலைகளின் அழுகைக்கும் காய்ச்சலுக்கும் நடுவே, யாஸ்னயா பல்யானா என்ற கிராமத்துப் பண்ணை வீட்டில் எழுதப்பட்ட நூல் இது. அடித்தலும் திருத்தலும் இடைச்செருகலும் மண்டிய கணவரின் தாள்களைப் பிள்ளைகள் உறங்கிய பின்னர் விளக்கொளியில் அமர்ந்து படியெடுத்தவர் சோபியா. படியெடுத்த தாள் மீண்டும் திருத்தப்பட்டு வரும், மீண்டும் எழுதுவார். கைக்குழந்தைக்காரி ஒருத்தியின் இரவு உழைப்பு இல்லையேல் அச்சகத்தார் அக்கையெழுத்தைப் படித்திருக்கவே முடியாது. அப்படிப்பட்ட நூலைக் கைக்குழந்தைக்காரி படிக்க இயலாது என்று சொல்ல நமக்கு எவ்வாறு நா எழுகிறது?

அதை முதன்முதலில் படித்தவர்களாவது ஓய்வாக அமர்ந்து ஒரே மூச்சில் படித்தார்களா? அதுவும் இல்லை. நூலின் தொடக்கப் பகுதி 1865, 1866 ஆண்டுகளில் 'ருஷ்ய தூதன்' என்ற இதழில், '1805ஆம் ஆண்டு' என்னும் தலைப்பில், துண்டு துண்டாக வெளிவந்தது. அடுத்த பகுதிக்கு வாசகர் காத்திருந்தனர். காத்திருந்த நாட்களில் அவர்கள் வீட்டிலும் விருந்தாளி வந்திருப்பார், கடன்காரர் வந்திருப்பார், பிள்ளைகளுக்கு அம்மை கண்டிருக்கும். முழு நூலிலும் அத்தியாயங்கள் 361. ஆண்டின் நாட்களைவிட நான்கே குறைவு. பெரும்பாலான அத்தியாயங்கள் சிறியவை. கால் மணி நேரத்தில் முடிபவை. நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் படிக்கும் வீடு ஓராண்டில் கடைசிப் பக்கத்தை எட்டிவிடும். எனவே, பருமனைக் காட்டி அச்சுறுத்துவோர் நூலைத் திறந்து பார்த்தவர்கள்தாமா என்ற ஐயம் நமக்கு உண்டு.

இனி, சுருக்கத்துக்கு வருவோம். சுருக்குகிறவர் எதைக் காப்பாற்றுவார், எதை வெட்டுவார்? ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களம் தப்பும். நெப்போலியன் தப்புவார். நட்டாஷாவின் காதலும் தப்பும். வெட்டப்படுவது வீடு. அதாவது, வீட்டில் வாழ்பவர்களுக்கென்றே எழுதப்பட்டது போன்ற பகுதிகளை நீக்கிவிட்டு, 'இது வீட்டில் வாழ்வோருக்கு ஏற்ற பதிப்பு' என்று நம் கையில் கொடுக்கிறார்கள்.

எடுத்துக்காட்டொன்று. ரொஸ்தோவ் குடும்பத்து மகன் நிக்கோலாயிடம் தந்தை இரண்டாயிரம் ரூபிள் கொடுத்து, கை முடையாக இருக்கிறது, பார்த்துச் செலவிடு என்கிறார். மகனோ சீட்டாட்டத்தில் தோலகவ் என்பவனிடம் 43,000 ரூபிள் தோற்கிறான். தற்கொலை செய்துகொள்ளத் தூண்டும் அவமானத்தோடு வீட்டுக்கு வருகிறான். வீட்டிலோ இளையோர் கூடிச் சிரித்துக்கொண்டிருக்கின்றனர். தங்கை நட்டாஷா பாடத் தொடங்குகிறாள். இவர்களுக்கு ஒன்றும் தெரியாதே என்று முதலில் எரிச்சலுறும் அவன், சற்று நேரத்தில் தன்னை மறந்து அவள் குரலோடு கரைகிறான். கடனும் தோலகவும் மானமும் ஒரு கணம் பொருளற்றுப் போகின்றன. பாட்டு முடிகிறது. தந்தை வருகிறார். ஏதோ சிறு செலவுக்குப் பணம் கேட்பவனைப் போன்ற அலட்சியக் குரலில் மகன் செய்தியைச் சொல்கிறான். கிழவர் கடிந்துகொள்ளவில்லை. முகம் சிவந்து, பணம் திரட்டுவது கடினமாயிற்றே என்று தடுமாறியபடி அறையைவிட்டு வெளியேறப் பார்க்கிறார். திட்டுக்குத் தயாராக வந்த மகன் அந்தக் கனிவைத் தாங்க மாட்டாமல் தேம்பி அழுகிறான். சுருக்க நூலில் இது எவ்வாறு வரும்? நிக்கோலாய் சூதாடிப் பெருந்தொகையை இழந்தான் என்று வரும். வீட்டுக்குத் தெரியாமல் வட்டிக்கு வாங்கிய மகனை உடைய எந்தத் தந்தைக்கும் அந்த ஒற்றை வாக்கியத்தால் பயனில்லை.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். நூலின் உயிர்நிலைகளில் ஒன்றென நாம் கருதுவது அது. 1812. பொரதினோ போருக்குப் பின் மாஸ்கோ காலியாகிறது. ரொஸ்தோவ் வீட்டு முற்றத்தில் வண்டிகளில் கம்பளங்களும் பீங்கான்களும் ஏற்றப்பட்டுள்ளன. காயமுற்ற வீரர்கள் தங்களையும் ஏற்றிச் செல்லுமாறு மன்றாடுகின்றனர். கணவர் இளகிச் சில வண்டிகளை இறக்கச் சொல்கிறார், மனைவி தடுக்கிறாள். வீட்டில் எஞ்சியிருப்பதே இவ்வளவுதான், பிள்ளைகளின் பங்கையும் வாரிக் கொடுப்பீரா என்கிறாள். இந்நேரத்தில் மூத்த மருமகன் வந்து, மலிவாக ஓர் அலமாரி கிடைத்திருக்கிறது, தூக்க ஆள் தாருங்கள் என்று கேட்கிறான்! செய்தி அறிந்த நட்டாஷா புயலெனத் தாயிடம் பாய்கிறாள். தாய் வெட்கித் தலைகுனிந்து இசைகிறாள். பொருள்கள் இறங்குகின்றன, மனிதர் ஏறுகின்றனர்.

சுருக்குகிறவர் நட்டாஷாவின் ஈகையை மட்டும் தருவார். தாய் கருமியாகிப் போவாள். நூலை முழுதும் படித்தவருக்கோ அத்தாயின் அச்சம் தெரியும். மகனின் அந்த 43,000, கணவரின் ஓயாத விருந்துகள், அடமானம் போன நிலங்கள் ஆகிய அனைத்தையும் பல நூறு பக்கங்களாக அவளோடு சுமந்து வந்தவர் அவர். அவளைச் சட்டென்று தீர்ப்பிட அவரால் ஆகாது. தாயும் மகளும் அம்முற்றத்தில் நிற்கையில் இருவர் பக்கமும் நிற்க நேர்கிறது. அவ்வளவு பக்கங்களும் தேவைப்படுவது அதற்காகவே.

நாணயத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். ஆசிரியரே 1873ஆம் ஆண்டுப் பதிப்பில் கத்தரியை எடுத்தார். பிரெஞ்சு உரையாடல்களை ருஷ்ய மொழியில் தந்தார், வரலாறு பற்றிய தத்துவ விசாரங்களைப் பிரித்து நூலின் இறுதியில் வைத்தார். பின்னைய பதிப்புகளில் அவை பழைய இடத்துக்கே மீண்டன. ஆனால் அவர் கை வைத்தது விசாரங்களில், வீட்டில் அன்று. ஆகவே, பின்னுரையின் இரண்டாம் பகுதியில் அவர் வரலாற்று விதிகளைக் குறித்து நிகழ்த்தும் நெடிய வாதத்தை ஒருவர் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தால் நாம் சினக்கமாட்டோம். நமக்கும் அவ்விடத்தில் கொட்டாவி வந்ததுண்டு.

பின்னுரையின் முதற்பகுதியை மட்டும் எவரும் தவறவிடலாகாது. அங்கே நட்டாஷா நான்கு குழந்தைகளின் தாய். நோயுற்ற பிள்ளையின் அணையாடையில் பச்சைக் கறைக்குப் பதில் மஞ்சள் கறை கண்டு, தலை கலைந்த கோலத்தில் அதை ஏந்தி மகிழ்ச்சியோடு அறையிலிருந்து வருகிறாள். நெப்போலியனின் படையெடுப்பைப் பாடிய அதே பேனா இதையும் எழுதிற்று. ஆயினும், பாட்டையும் சமூகப் பழக்கத்தையும் துறந்து கணவனுக்குள் கரைந்துபோன பெண்ணே நிறைவுற்ற பெண் என்று டால்ஸ்டாய் அங்கே சாதிப்பதை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அவரோடு வழக்காடும் தகுதி, பாட்டைத் துறந்த வலியை அறிந்த நம் வீட்டுப் பெண்களுக்கு இருக்கிறது. அவர்கள் கையிலிருந்து நூலைப் பறித்துவிட்டு ஆடவர் மட்டும் அதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துவது பொருந்துமா? (அழகி எலென் மணவிலக்கு வேண்டிக் கத்தோலிக்கத்தைத் தழுவுவதும், இயேசு சபைக் குருக்கள் அவளைச் சூழ்ந்து நிற்பதும் எள்ளலாக வரும் அத்தியாயங்களில் நம் வாசகர் சிலர் முகம் சுளிப்பர். சுளிக்கட்டும், புத்தகத்தை மூடாதிருந்தால் போதும்.)

தமிழில் இதைத் தந்தவர் டி. எஸ். சொக்கலிங்கம், 1934இல் தொடங்கிய தினமணியின் முதல் ஆசிரியர். ருஷ்யத் தலைப்பில் உள்ள சொல் அமைதியைக் குறிப்பது. அவரோ 'வாழ்வு' என்றார். துப்பாக்கி ஓய்வது மட்டுமா அமைதி? பெயர் சூட்டு விழாவும் வேட்டையும் நடனமும் கடனும் பிள்ளைப்பேறுமாக விரிவதை வேறு என்னவென்று அழைப்பது? மொழிபெயர்ப்பாளருக்கு நூல் பிடிபட்டிருந்தது என்பதற்கு அந்த ஒரு சொல்லே சான்று.

நேரம் இல்லை என்பதை மட்டும் நாம் எள்ளி நகையாடமாட்டோம். தொலைக்காட்சித் தொடருக்கும் கைப்பேசிக்கும் நேரம் இருக்கிறதே என்று மடக்குவது எளிது. உண்மை அதனினும் கசப்பானது. பல இல்லங்களில் ஒருத்திக்கு மட்டும் மெய்யாகவே நேரம் இல்லை. விடியலில் தண்ணீர் பிடிப்பது முதல் இரவில் மாவு கரைத்து வைப்பது வரை அவளே செய்கிறாள். அவளுக்குச் சுருக்க நூலைப் பரிந்துரைப்பவர் அவள் வேலையைச் சுருக்க ஒருபோதும் முன்வருவதில்லை. பாத்திரம் துலக்கும் பொறுப்பை இரவில் மற்றவர் ஏற்கட்டும். கால் மணி நேரம் தானே பிறக்கும். மனைவிக்கு அந்தக் கால் மணியைத் தர மனமில்லாதவரே, 'உனக்கு எதற்கு இவ்வளவு பெரிய புத்தகம்' என்று இரங்குகிறார்.

விட்டு விட்டுப் படித்தால் பெயர்கள் மறந்துபோகுமே என்பது எஞ்சிய கேள்வி. ஒரே ஆளுக்குத் தந்தைவழிப் பெயரும் செல்லப்பெயரும் உண்டு என்பது மெய்தான். நம் இல்லத்தில் இந்நூல் ஓராண்டுக்கும் மேல் நடமாடியது. கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் குடும்பவாரியாகப் பெயர்களை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தோம். ஒருவர் படித்ததை அடுத்தவர் கேட்பார். வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையும் காது கொடுக்கும். ரொஸ்தோவ் வீட்டுக் கடைக்குட்டி பேத்யா, போருக்குப் போன இடத்திலும் தனக்கு இனிப்புப் பழக்கம் என்று சொல்லி, வாங்கி வந்த உலர்திராட்சையை அதிகாரிகளுக்கெல்லாம் பங்கிடுகிறான். மறுநாள் காலை அவன் இறந்துகிடக்கையில், தலைவனான தெனீசவுக்கு அந்தத் திராட்சைப் பேச்சே நினைவுக்கு வருகிறது. அதைப் படித்த இரவு எவரும் அடுத்த அத்தியாயத்துக்குப் போகவில்லை. நான்கு நாள் கழித்துத் தொடர்ந்தபோது, யார் அந்தப் பேத்யா என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.