மஞ்சள் சுவர் மட்டுமா புதுச்சேரி?

போன மாதம் உறவில் ஒரு கல்யாணம். கோயம்புத்தூர் சம்பந்தி வீட்டாரை வேனில் ஏற்றி, வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவர் முன் நிறுத்திப் படம் எடுத்து, ஊர் பார்த்தாயிற்று என்று அனுப்பிவிட்டார்கள். கேட்டால், "வந்தவங்க அதைத்தான் கேக்குறாங்க மாமா" என்கிறார்கள். நாம் சொன்னால்தானே வேறு கேட்பார்கள்?

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்தத் தெருக்கள் மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் வாய்க்காலுக்கு மேற்கே ஊரே இல்லையா? 1908 முதல் 1918 வரை பாரதி அடைக்கலம் இருந்த ஊர் இது. அவர் குடியிருந்த வீடு, பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு, நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை, திண்ணை வைத்த நம் தெருக்கள் இவற்றையும் காட்டுங்கள். கூட்டிப்போக ஆளில்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். வருகிறேன்.